கலை நிர்வாகம், கலாசாரக் கொள்கை முதுகலை: சிங்கப்பூர்த் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ் நாடகக் குழு ஒன்றில் நிர்வாக வேலை பார்த்துவிட்டு, அதன்பின் கலை நிர்வாகமும் கலாசாரக் கொள்கையும் முதுகலையாகப் படித்தவள் நான். நாடகம் முடிந்து கூட்டம் கலையும் நேரத்திலும், நடன வகுப்பு வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும்போதும் இந்தப் படிப்பைப் பற்றிப் பலர் விசாரிக்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

இது என்ன படிப்பு? நிகழ்ச்சி ஏற்பாடு செய்யச் சொல்லித் தருவார்களா?

ஓரளவு தருவார்கள். ஆனால் அதற்காக மட்டும் முதுகலை படிக்க வேண்டியதில்லை. அரங்கம் பதிவு செய்வது, ஒலி ஒளிக்கு ஆள் பிடிப்பது, டிக்கெட் விற்பது எல்லாம் இரண்டு தயாரிப்புகளில் ஓடியாடி வேலை பார்த்தாலே கைவந்துவிடும்.

படிப்பில் இரண்டு பங்குகள் உண்டு. ஒன்று, கலை அமைப்பை நடத்துவது: வரவு செலவு, நிதி திரட்டல், பார்வையாளர்களைச் சேர்ப்பது, நிர்வாகக் குழுவின் பொறுப்புகள், ஒப்பந்தம், பதிப்புரிமை. மற்றது கொள்கை. பொதுப்பணம் எந்தக் கலைக்குப் போகிறது, ஏன் போகிறது, அதை யார் முடிவு செய்கிறார்கள், அந்த முடிவால் யார் மேடை ஏறுகிறார்கள், யார் ஏறாமல் போகிறார்கள் என்று பார்ப்பது. முதல் பங்கைப் பயிலரங்குகளிலும் பிடித்துக்கொள்ளலாம். இரண்டாவதை உட்கார்ந்து, படித்து, வாதாடித்தான் கற்க முடியும். ஓராண்டுச் சம்பளத்தை விட்டுவிட்டுப் படிப்பதற்கு அதுதான் காரணம் என்பது என் கருத்து.

நான் நடனமோ நாடகமோ செய்ததில்லை. சேர முடியுமா?

தாராளமாக. என் வகுப்பில் கணக்காளர் இருந்தார், ஆசிரியர் இருந்தார், வழக்கறிஞர் ஒருவரும் இருந்தார். கலைமேல் ஆசையும், ஏதாவது ஒரு கலை அமைப்போடு நெருங்கிப் பழகிய அனுபவமும் வேண்டும். கோவில் விழாக் குழு, சமூக மன்ற இந்திய நற்பணிச் செயற்குழு, இலக்கிய அமைப்பு, எதுவானாலும் சரி.

கலாசாரக் கொள்கை என்றால் அரசாங்க அறிக்கைகளைப் படிப்பதுதானே? சலிப்பாக இருக்காதா?

நானும் அப்படித்தான் பயந்தேன். ஆனால் நம் ஊர்க் கதையை ஆண்டு வரிசையில் வைத்துப் பார்த்தால் சலிப்பு வராது.

1959இல் சிங்கப்பூர் சுயாட்சி பெற்றதும் கலாசார அமைச்சு உருவானது. அதன் முதல் அமைச்சர் எஸ். ராஜரத்தினம், யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். அந்தக் காலத்தில் ‘அனேக்கா ராகம் ராயாட்’ என்ற பெயரில் மக்கள் கலை நிகழ்ச்சிகள் நடந்தன. மலாய், சீன, இந்திய ஆட்டமும் பாட்டும் ஒரே மேடையில், திறந்த வெளியில். இனங்களை ஒன்றுசேர்ப்பது கலையின் வேலை என்பது அப்போதைய எண்ணம். இன்றும் தேசிய தினக் கொண்டாட்டத்தில் மூன்று இனத்து நடனங்கள் அடுத்தடுத்து வருவதைப் பார்த்தால் அந்த எண்ணம் இன்னும் உயிரோடு இருப்பது தெரியும்.

1979இல் கலைஞர்களுக்கான கலாசாரப் பதக்கம் வந்தது. 1989இல் ஓங் டெங் சியோங் தலைமையிலான கலை, கலாசார ஆலோசனைக் குழுவின் அறிக்கை வெளியானது. இந்தத் துறையில் யார் எதைப் பேசினாலும் அந்த அறிக்கையைத் தொடாமல் பேச முடியாது. 1991இல் தேசியக் கலைகள் மன்றம், 1993இல் தேசிய மரபுடைமைக் கழகம், 2002 அக்டோபரில் எஸ்பிளனேட் கலை அரங்கம் எல்லாம் அதன் பின்னால் வந்தவை. 2000ஆம் ஆண்டில் அரசு வெளியிட்ட மறுமலர்ச்சி நகர் அறிக்கையில் பேச்சு மாறுகிறது. கலை இப்போது உலக நகரத்துக்கான தகுதி, பொருளாதாரத்துக்கான முதலீடு. 2012இன் கலை, கலாசாரக் கொள்கை மறுஆய்வில் பேச்சு மீண்டும் மாறி, சமூகக் கலையும் அக்கம்பக்கத்துப் பங்கேற்பும் முன்னுக்கு வருகின்றன. 2025இல் 18 வயதான, அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு குடிமகனுக்கும் கலை நிகழ்ச்சிகளுக்குச் செலவிட 100 வெள்ளி மதிப்பில் கல்ச்சர் பாஸ் கொடுத்தார்கள். இங்கே பணம் கலைக் குழுவின் கைக்கு நேராகப் போகாமல் பார்வையாளர் கை வழியாகப் போகிறது. தமிழ் நாடகம் போடும் குழுவுக்கு இந்த மாற்றம் நல்லதா கெட்டதா? இதை வைத்தே ஒரு பருவம் முழுக்க விவாதிக்கலாம்.

கொள்கை என்பது மானியம் மட்டுமில்லை, மேடையேற்ற அரசு தரும் உரிமமும்தான். ‘தலாக்’ என்ற நாடகம் தமிழில் மேடையேறியது. அதே நாடகத்தின் ஆங்கில, மலாய் வடிவங்களுக்கு 2000இல் உரிமம் மறுக்கப்பட்டது. ஒரே நாடகம், வேறு மொழி, வேறு முடிவு. தமிழில் நடப்பதை யார் கவனிக்கிறார்கள், யார் கவனிப்பதில்லை என்று இதை வைத்து நாம் கேட்க வேண்டிய கேள்விகள் நிறைய. அதேபோல 1994 முதல் 2003 வரை ஃபோரம் தியேட்டருக்கு அரசு நிதி கிடையாது. பார்வையாளர் எழுந்து வந்து கதையை மாற்றும் அந்த வகை நாடகம் அந்த ஒன்பது ஆண்டுகளில் எப்படித் தேய்ந்தது என்று பார்த்தால், எழுதப்பட்ட ஒரு வரி மேடையில் என்ன செய்யும் என்பது புரியும்.

கோட்பாடு நிறைய இருக்குமா?

இருக்கும், ஆனால் சமாளிக்கலாம். கட்டாயம் வருவது இரண்டு. ஒன்று, பொருளியலாளர்கள் பாமோலும் போவனும் 1966இல் சொன்ன ‘செலவு நோய்’. தொழிற்சாலையில் இயந்திரம் வந்தால் குறைந்த நேரத்தில் அதிகம் தயாரிக்கலாம். பரதநாட்டிய மார்க்கத்துக்கு, அதாவது ஒரு முழு நிகழ்ச்சிக்கு, அன்றும் ஒரு நட்டுவனார், ஒரு பாடகர், ஒரு மிருதங்கக்காரர். இன்றும் அதே ஆட்கள், அதே இரண்டு மணி நேரம். மற்றத் தொழில்களில் சம்பளம் ஏற ஏற, கலைக்கு ஆகும் செலவும் ஏறிக்கொண்டே போகும். ஆனால் உற்பத்தி ஏறாது. குழுக்கள் ஏன் எப்போதும் பற்றாக்குறையில் ஓடுகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் படித்ததில்லை.

இரண்டாவது, அரசு கலையை ஆதரிக்கும் நான்கு விதங்களை 1989இல் ஆய்வாளர்கள் சார்ட்ராண்டும் மெக்காகியும் பிரித்துக் காட்டியது. வரிச்சலுகை தந்து தனியாரைக் கொடுக்கவைக்கும் அமெரிக்க வழி. தன்னாட்சி மன்றம் மூலம் கொடுக்கும் பிரிட்டிஷ் வழி. அமைச்சே திட்டம் தீட்டும் பிரெஞ்சு வழி. கலையை அரசே தன் கையில் வைத்திருக்கும் சோவியத் வழி. சிங்கப்பூர் இதில் எங்கே? முதல் மூன்றும் இங்கே கலந்து கிடக்கின்றன. பொதுநலத் தகுதி பெற்ற கலை அமைப்புக்கு நன்கொடை கொடுத்தால் 250 விழுக்காடு வரிக்கழிவு. அந்த நன்கொடைக்கு இணையாக 2013 முதல் அரசு ஒரு நிதியிலிருந்து வெள்ளிக்கு வெள்ளி சேர்க்கிறது. மானியம் தருவது தேசியக் கலைகள் மன்றம். அதற்கு மேலே அமைச்சு.

வகுப்பில் உண்மையில் என்ன செய்வீர்கள்?

ஒரு பயிற்சியைச் சொல்கிறேன். ஒரு சிறு நாடகத்துக்கு வரவு செலவுத் திட்டம் போட வேண்டும். நான் தமிழ் நாடகத்தை எடுத்துக்கொண்டேன். 120 இருக்கை கொண்ட பிளாக் பாக்ஸ் என்ற சிறு அரங்கம், நான்கு காட்சிகள், ஆக 480 இருக்கைகள். முக்கால்வாசி நிறையும் என்று வைத்தால் 360 டிக்கெட். மாணவர், மூத்தோர் சலுகை போகச் சராசரியாக 28 வெள்ளி. வரவு 10,080 வெள்ளி.

செலவுப் பக்கத்தில் அரங்க வாடகை, விளக்கு, ஒலி, உடை, உரிமக் கட்டணம், ஒத்திகை இடம், வசனத்தின் மொழிபெயர்ப்பைத் திரையில் காட்டும் சர்டைட்டில் ஓட்டுபவர் என்று வரிசையாக எழுதினேன். இயக்குநர் என்ற வரிக்கு எதிரே சுழியம். நடிகர்கள், சுழியம். மேடை நிர்வாகி, சுழியம். நம் குழுக்களில் அதுதான் வழக்கம். எல்லாரும் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள், ஆர்வத்தில் செய்கிறார்கள். விரிவுரையாளர் அந்தச் சுழியங்களைப் பேனாவால் வட்டமிட்டு, “இவர்கள் உழைப்புக்கு விலையே இல்லையா?” என்று கேட்டார். சந்தை விலையை எழுதுங்கள், பிறகு அதைத் தொண்டூழியப் பங்களிப்பு என்று வரவுப் பக்கத்திலும் காட்டுங்கள் என்றார்.

எழுதிப் பார்த்தபோது மொத்தச் செலவு இரண்டு மடங்குக்கு மேல் போனது. அந்தத் தாள்தான் படிப்பில் எனக்கு மிகவும் உதவியது. சுழியம் போட்டுக்கொண்டே இருந்தால், தமிழ் நாடகத்தை இவ்வளவு மலிவாகச் செய்யலாம் என்று நிதி கொடுப்பவர் நினைப்பார். நாமும் அப்படியே நம்பிவிடுவோம். அப்புறம் முப்பது வயதில் திருமணமாகிக் குழந்தை பிறந்ததும் நல்ல மேடை நிர்வாகி விலகிப் போகும்போது, ஏன் ஆள் தங்குவதில்லை என்று வருத்தப்படுவோம்.

சிங்கப்பூரில் எங்கே படிக்கலாம்?

கலை நிர்வாகத்துக்கு நேரடியாகப் பொருந்துவது லாசால் கலைக் கல்லூரியின் கலை, கலாசாரத் தலைமைத்துவ முதுகலை. 1984இல் பிரதர் ஜோசஃப் மெக்னலி தொடங்கிய கல்லூரி. இப்போது நன்யாங் நுண்கலைக் கழகத்தோடு சேர்ந்து சிங்கப்பூர்க் கலைப் பல்கலைக்கழகத்தின் அங்கம். அந்தப் பல்கலைக்கழகம் 2024இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. மெக்னலி ஸ்ட்ரீட் வளாகத்திலிருந்து தேக்காவுக்கு நடந்தே போய்விடலாம். மாலை வகுப்புக்கு முன் தோசை சாப்பிட்டுவிட்டு வர அது பெரிய வசதி.

தேசியப் பல்கலைக்கழகத்தில் கலை, கலாசாரத் தொழில்முனைப்பு முதுகலை இருக்கிறது. புதிதாக ஒன்றைத் தொடங்க நினைப்பவர்களுக்கு அது பொருந்தும். அரும்பொருளகப் பக்கம் போக விரும்பினால் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் அரும்பொருளகவியல், காட்சியமைப்பு முதுகலையைப் பாருங்கள். கட்டணமும் சேர்க்கைத் தேதியும் ஆண்டுக்காண்டு மாறுவதால் அந்தந்தத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளிநாடு போவது மேலா?

லண்டனில் கோல்ட்ஸ்மித்ஸ், கிங்ஸ் காலேஜ், சிட்டி, கொஞ்சம் தள்ளி வாரிக், ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் பல்கலைக்கழகம் ஆகியவை இந்தத் துறையில் பேர் பெற்றவை. பிரிட்டனில் ஓராண்டில் முடிந்துவிடும். நூலகம், நாடகம், அருங்காட்சியகம், எல்லா நாட்டு மாணவர்கள் என்று நிறையக் கிடைக்கும்.

ஆனால் ஒன்றை மனத்தில் வையுங்கள். அங்கே பாடம் 1946இல் தொடங்கிய பிரிட்டிஷ் கலை மன்றத்தை மையமாக வைத்து ஓடும். அரசியல்வாதி கை வைக்காமல் மன்றம் முடிவு செய்ய வேண்டும் என்பது அவர்கள் இலட்சியம். அந்தக் கண்ணாலேயே சிங்கப்பூரைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், இங்கே நடப்பது எல்லாம் குறையாகவே படும். இங்கே எது ஏன் அப்படி இருக்கிறது என்று புரிந்துகொள்ள மறுபடியும் ஓராண்டு ஆகும். ஏற்கெனவே இங்கே சில ஆண்டுகள் வேலை பார்த்தவர் போனால் அந்தச் சிக்கல் இல்லை. இளங்கலை முடித்த கையோடு நேராகப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சென்னையில் படித்தால் என்ன?

நம் கலைகளின் ஊற்று அங்கே என்பதால் இந்தக் கேள்வி வருகிறது. நிர்வாகப் பட்டத்துக்குப் போவதைவிட ஆய்வுக்குப் போங்கள். மியூசிக் அகாடமி 1928இல் தொடங்கியது. மார்கழி இசை விழாவை உறுப்பினர் சந்தாவும் விளம்பரதாரரும் தாங்குகிறார்கள். அரசு மானியத்தைச் சார்ந்த நம் முறைக்கும் அந்தச் சபா முறைக்கும் உள்ள வேறுபாடு அருமையான ஆய்வுப் பொருள்.

செலவுக்கு உதவி கிடைக்குமா?

தேசியக் கலைகள் மன்றம் முதுநிலைப் படிப்புக்கும் உபகாரச் சம்பளம் தருகிறது. பெற்றால் கலைத்துறையில் பணியாற்றும் கடப்பாடு உண்டு. பிரிட்டன் போவோர் பிரிட்டிஷ் அரசின் செவனிங் உபகாரச் சம்பளத்துக்கு முயலலாம். அதற்கு இரண்டாண்டு வேலை அனுபவம் வேண்டும், படித்ததும் ஊர் திரும்ப வேண்டும். கலை அமைப்பில் வேலை பார்ப்பவர்கள் முதலாளியிடமே கேட்டுப் பாருங்கள். பலர் கேட்கவே கூச்சப்படுகிறார்கள்.

முதலில் வேலையா, படிப்பா?

வேலை. குறைந்தது இரண்டு மூன்று ஆண்டுகள். மானிய விண்ணப்பம் ஒன்றையாவது எழுதி, அது நிராகரிக்கப்பட்டு, மறுபடி எழுதியவருக்கு வகுப்பில் ஒவ்வொரு பக்கமும் பேசும்.

என் ஆங்கிலம் சுமார்தான்.

ஆய்வேடு ஆங்கிலத்தில்தான். அதில் தப்ப முடியாது. ஆனால் வாதம் தெளிவாக இருந்தால் எளிய ஆங்கிலமே போதும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தமிழ் முரசின் பழைய இதழ்களை வாசிக்கவும், மூத்த நாடகக் கலைஞர்களிடம் அவர்கள் மொழியில் பேட்டி எடுக்கவும் உங்களால் முடியும். உடன் படிப்பவர்களில் பெரும்பாலோருக்கு முடியாது. தமிழ் முரசு 1935இலிருந்து வருகிறது. சிங்கப்பூர்க் கலை வரலாற்றைப் பற்றிய எழுத்தில் பெரும்பகுதி ஆங்கில ஆவணங்களை மட்டும் வைத்தே எழுதப்பட்டிருக்கிறது. அந்த இடைவெளியை நிரப்ப உங்களிடம் இருக்கும் தமிழ்தான் தேவை.

ஆய்வுக்குத் தமிழ்த் தலைப்பு எடுத்தால் ஒதுக்கிவிடுவார்களா?

மாட்டார்கள். விரிவுரையாளர்கள் ஆவலோடு கேட்பார்கள், ஏனென்றால் அவர்களுக்கே அது புதிது. கையில் இருக்கும் பொருள் எவ்வளவு என்று பாருங்கள்.

தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவி வாசிப்பதற்கு 1973 முதல் கட்டுப்பாடு. 2016இல் வழியில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி வந்தது. இதில் கலை மன்றத்துக்கு வேலையே இல்லை. காவல்துறை, இந்து அறக்கட்டளை வாரியம், பக்தர்கள், உறுமி வாசிக்கும் இளையர்கள், இவர்களுக்கு நடுவே நடந்த பேச்சு. கலாசாரக் கொள்கை கலை மன்றத்தின் அலுவலகத்துக்கு வெளியேதான் பெரிதும் நடக்கிறது என்று காட்ட இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

அடுத்தது, நடனப் பள்ளிகள். சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் 1949இல் தொடங்கியது, பாஸ்கர் கலைக் கழகம் 1952இல், அப்சராஸ் ஆர்ட்ஸ் 1977இல். மூன்றும் நிறுவனர் காலத்தைத் தாண்டி இன்னும் நிற்கின்றன. எப்படி? குடும்பம் கொடுத்த தொடர்ச்சியா, சங்க நிர்வாகமா, மாணவர் கட்டணமா, மானியமா? தலைமைத்துவம் கைமாறுவது உலகம் முழுக்கக் கலை அமைப்புகளுக்கு ஆபத்தான கட்டம். நம்மிடமே அதற்கு விடை சொல்லும் அமைப்புகள் இருக்கின்றன.

ஏப்ரல்தோறும் நடக்கும் தமிழ் மொழி விழாவில் வருபவர்கள் யார், வராதவர்கள் யார் என்பது இன்னொன்று. சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களை 2015இல் மின்னிலக்கமாக்கித் தேசிய நூலக வாரியத்திடம் ஒப்படைத்தது பெரும்பாலும் தொண்டூழியர்களின் உழைப்பு. ஓர் ஆவணத்தைப் பாதுகாப்பது சமூகத்தின் கடமையா, அரசின் கடமையா என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது. தேக்காவில் கேம்பல் லேனில் 2015இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையத்தில் ‘இந்தியர்’ என்ற பெயருக்குள் யாருடைய பொருள் எந்த மாடியில் வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பிற்பகல் நின்று பாருங்கள். தலைப்பு தானாக வரும்.

படித்தால் வேலை கிடைக்குமா?

கலை மன்றம், மரபுடைமைக் கழகம், எஸ்பிளனேட், அருங்காட்சியகங்கள், மக்கள் கழகம், நாடக, நடனக் குழுக்கள் என்று இடங்கள் உண்டு. எஸ்பிளனேட்டின் கலா உற்சவம் போன்ற விழாக்களில் இந்தியக் கலைகளைத் தெரிந்த நிகழ்ச்சித் தயாரிப்பாளர்கள் தேவைப்படுகிறார்கள். சம்பளம் வங்கி வேலைக்கு ஈடாகாது. பலர் சுயதொழில் செய்வோராக இருப்பதால் முதலாளி கட்டும் மத்திய சேமநிதியும் இல்லை. இதைத் தெரிந்துகொண்டு வாருங்கள்.

தமிழ்க் குழுக்களில் முழுநேரச் சம்பளத்துக்கு நிர்வாகி வைத்திருப்பவை மிகச் சில. இதுதான் எனக்கு உறுத்துகிறது. நம்மிடம் நடிகர் இருக்கிறார்கள், நடனமணிகள் இருக்கிறார்கள், சமோசா வாங்கி வந்து நாற்காலி அடுக்கும் தொண்டூழியர் இருக்கிறார்கள். கணக்கு எழுதி, அறிக்கை சமர்ப்பித்து, மூன்றாண்டுத் திட்டம் போட்டு, கலந்தாய்வுக் கூட்டத்தில் எழுந்து நம் தரப்பைப் புள்ளிவிவரத்தோடு பேசுபவர் குறைவு. அந்தக் கூட்டங்களில் தமிழ்க் கலைஞர் இல்லாத நாற்காலிக்கு யாரும் காத்திருப்பதில்லை. முடிவு எடுக்கப்பட்டுவிடும்.

வீட்டில் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். என்ன சொல்வது?

எதிர்த்துப் பேசாதீர்கள். ஒருநாள் அப்பா அம்மாவை நீங்கள் வேலை செய்யும் நிகழ்ச்சிக்குக் கூட்டிப்போங்கள். முன் வரிசையில் உட்கார வைக்காமல் மேடைக்குப் பின்னால் நிற்கவையுங்கள். பிள்ளை எத்தனை பேரை வழிநடத்துகிறாள், எவ்வளவு பணத்துக்குப் பொறுப்பேற்கிறாள் என்று அவர்களே பார்க்கட்டும்.

விண்ணப்பத்தில் என்ன எழுதுவது?

“சிறு வயதிலிருந்தே கலையில் ஆர்வம்” என்று தொடங்காதீர்கள். நீங்கள் பார்த்த ஒரு நடைமுறைச் சிக்கலை எழுதுங்கள். ஏன் சனிக்கிழமைக் காட்சி நிறைந்து வெள்ளிக்கிழமை காலியாக இருந்தது? ஏன் சர்டைட்டில் போட்டும் பிற இனத்தவர் வரவில்லை? என்ன செய்து பார்த்தீர்கள், என்ன புரியவில்லை, அதற்குப் படிப்பில் எதைத் தேடுகிறீர்கள்? இரண்டு பக்கம் போதும்.

சேரும்வரை என்ன செய்யலாம்?

உங்கள் குழுவின் சென்ற ஆண்டுக் கணக்கை வாங்கிப் படியுங்கள். அறநிறுவனமாகப் பதிவானது என்றால் அறிக்கை இணையத்திலேயே கிடைக்கும். கலை மன்றத்தின் 2023–2027 திட்டத்தைப் படியுங்கள், தமிழ்க் கலைகளுக்கு எது பொருந்துகிறது என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இன்னும் ஒன்று: அறுபது, எழுபதுகளில் நாடகம் போட்டவர்கள் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் அவர்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் துண்டறிக்கைகளையும் ஒளிப்படங்களையும் இந்த மாதமே கைப்பேசியில் படமெடுத்து, யார், எப்போது, எங்கே என்று அவர்கள் வாயாலேயே பதிவு செய்துவிடுங்கள்.